ஓனர் இல்லாத ஏழு ஃபோல்டர்

காலை எட்டே காலுக்கு அருள்ஜோசப் மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தார். ஏழுதான். நேற்று சாயங்காலம் ஆறுதான் இருந்தது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்.

கம்ப்யூட்டரின் சி டிரைவில் மஞ்சள் மஞ்சளாக வரிசை கட்டி நின்றன. ஒன்றின் பெயர் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’. இன்னொன்று ‘ஃபவுண்ட்’ என்று ஆரம்பித்து மூன்று பூஜ்யத்தில் முடிந்தது. ‘பெர்ஃப்லாக்ஸ்’ என்று ஒன்று. இரண்டு ஃபோல்டர் டாலர் குறியோடு ஆரம்பித்தன. மிச்சம் இரண்டுக்கும் பெயர் என்று சொல்லவே எதுவுமில்லை. பூனையைக் கீபோர்டில் நடக்கவிட்ட மாதிரி எழுத்தும் எண்ணுமாக நீண்டுகொண்டே போயின. இதில் ஒன்றைக்கூட அவர் உருவாக்கவில்லை. எது எதற்கு என்றும் தெரியாது. பதினோரு மணிக்கு ஆடிட்.

ஓசூர் சிப்காட்டில் பைக்குக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. அதில் அருள்ஜோசப் டாக்குமென்ட் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பீரோ, அப்புறம் அருள்ஜோசப். சூளகிரியில் இருக்கும் இரண்டாவது யூனிட்டிலும் இதே மேஜை, இதே பீரோ. ஆள் மட்டும் அண்ணாதுரை. இருவரும் பதினாலு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

வந்தது வினை. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு யூனிட்டுக்கும் ஒரே டாக்குமென்ட் ஆள் போதும் என்று மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். இன்னொருவர் குஜராத்தில் திறக்கப்போகிற புது பிளான்ட்டுக்குப் போக வேண்டும். யார் போவது? குவாலிட்டி மேனேஜர் வினோதா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

“இந்த 5எஸ் ஆடிட்ல யாருக்கு மார்க் கம்மியோ அவங்க போறாங்க ஜோசப் சார். எனக்கு ரெண்டு பேருமே வேண்டியவங்கதான். அதனால மார்க்கே முடிவு பண்ணட்டும்.”

அன்றிலிருந்து அருள்ஜோசப்புக்குச் சோறு இறங்கவில்லை. மகள் ஃபெபா பிளஸ் டூ படிக்கிறாள். மனைவி லூர்தம்மாள் மத்திகிரியில் வாடகை வீட்டு முன்னறையிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். இருபது பெண்கள் வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த வயதில் தனியாக குஜராத்துக்குப் போய் சப்பாத்தி உருட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? நினைத்தாலே அவருக்கு அழுகை முட்டியது.

5எஸ் என்பது ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த சுத்தம். அதன் முதல் பாடம், வேண்டாததை வெளியே தள்ளு. கம்பெனியில் எந்தச் சாமானாக இருந்தாலும், அது துடைப்பமோ ஸ்பேனரோ, ஓனர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டி, “இது யாருடையது?” என்று ஊரெல்லாம் கேட்டு, யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்கிராப் யார்டு பக்கத்தில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பெயர் ரெட் டேக் ஏரியா. பதினாலு வருஷமாக அருள்ஜோசப் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வார்.

இந்த வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் புதிதாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டான்: கம்ப்யூட்டருக்குள்ளும் பார்க்கப்படும். ஓனர் இல்லாத ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஐந்து மார்க் குறைக்கப்படும்.

ஏழைந்து முப்பத்தைந்து. 

எல்லாக் கூத்தும் போன சனிக்கிழமைக்கு அப்புறம்தான். கம்ப்யூட்டர் பராமரிக்கிற திம்மப்பன் அன்றைக்கு வந்து, மேஜைக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் எதையோ கழற்றி எதையோ மாட்டிவிட்டு, “அப்கிரேட் சார்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு போனான். திம்மப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், அருள்ஜோசப்பிடம் மட்டும் தமிழ். மூன்றிலுமே அவன் அதிகம் பேச மாட்டான்.

அவனுக்குப் போன் போட்டார். ஆறாவது ரிங்கில் எடுத்தான். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

“சார், அத்திப்பள்ளி டோல்கிட்ட மாட்டிக்கிட்டேன் சார்.”

“திம்மப்பா, என் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ ஃபோல்டரா வருதப்பா. நேத்து ஆறு, இன்னைக்கு ஏழு.”

“அது ஒண்ணும் இல்ல சார். பழைய விண்டோஸ் மிச்சம். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. தொட்டா அப்புறம்…”

“தொட்டா என்னப்பா ஆகும்?”

லைன் செத்துப்போனது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் ஒரு பெண் கன்னடத்தில் மட்டும் பேசினாள்.

தொடாதே என்கிறான். தொடாவிட்டால் முப்பத்தைந்து மார்க் போகிறது. தொடுவதா, விடுவதா? ஐந்து நிமிஷம் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு, ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ ஃபோல்டரை மட்டும் லேசாகத் தொட்டுப் பார்ப்போம் என்று டெலீட்டை அமுக்கினார்.

‘இந்த ஃபோல்டர் வேறெங்கோ திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி முயலவும்’ என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நின்றது.

வேறெங்கோ என்றால் எங்கே? அருள்ஜோசப் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். பீரோ இரண்டும் மூடித்தான் இருந்தன.

அழிக்க முடியவில்லை என்றால் முறைப்படி போக வேண்டியதுதான். ஏழு சிவப்பு அட்டையை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினார். பூனை நடந்த பெயர்களை எழுதவே பத்து நிமிஷம் ஆயிற்று. எழுதிவிட்டார் சரி, கட்டுவது எங்கே? ஃபோல்டருக்குக் கையா, காலா? கடைசியில் ஏழு அட்டையையும் நூல் கோத்து மானிட்டர் தலையில் தொங்கவிட்டார்.

பெருக்க வந்த மாதம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா சாரு இது, மாரியம்மன் கோயில் வேப்பமரமாட்டம் கட்டி வெச்சிருக்கீங்கோ?”

“டேக் போட்டிருக்கேம்மா. ஓனர் யாருன்னு தெரியல.”

“கம்பீட்டரு உங்களுதுதான சாரு?”

“கம்ப்யூட்டர் என்னுது. உள்ள இருக்கறது என்னுது இல்ல.”

“அப்ப உள்ள யாரு சாரு கீறாங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அந்த மூலையை மட்டும் பெருக்காமல் போய்விட்டாள்.

அதுவரை வைரஸ் என்று மட்டும் பயந்துகொண்டிருந்தவருக்கு இப்போது புதுப் பயமும் சேர்ந்துகொண்டது.

ஓனரைத் தேட வேண்டும். வினோதாவிடம் அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் நின்றபடியே நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சார், இந்த நேரத்துலயா? யூனிட் டூக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அண்ணாதுரை சாருக்கும் அதே கம்ப்யூட்டர், அதே அப்கிரேட்தானே? அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அங்கேதான் சிக்கல். அண்ணாதுரையிடம் எப்படிக் கேட்பது? சிநேகிதன்தான், ஃபெபா சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து பந்தல் போட்டவன்தான். ஆனால் இன்றைக்கு இரண்டு பேரில் ஒருவர் குஜராத். எனக்குக் கஷ்டம் என்று போய் எதிராளியிடமே சொல்வார்களா?

யோசித்து யோசித்து, போனில் குரலைச் சிரித்த முகமாக வைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணாதுரை, எல்லாம் ரெடியா?”

“ரெடிதான் ஜோசப்பு. உன்னுது எப்படிக்கீது?”

“கண்ணாடி மாதிரி இருக்கு. சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேக்கறேன், விண்டோஸ் டாட் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருந்தா அது எதுக்குப்பா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஏன், உன்கிட்ட கீதா?”

“சேச்சே! எங்கிட்ட எதுக்கு வருது? ஃபெபா ஏதோ ஸ்கூல் பிராஜெக்டுக்குக் கேட்டா.”

“அப்படியா. எங்கிட்டயும் இல்ல. இருந்தா நான் தூக்கித் தூர வெச்சிருவன்ப்பா. பழசுன்னு பேரிலயே போட்டுக்கீதே.”

போனை வைத்ததும் அருள்ஜோசப்புக்குச் சந்தேகம் அரித்தது. அவன் ஏன் அவ்வளவு நேரம் யோசித்தான்? தூக்கி வை என்று வேண்டுமென்றே சொல்கிறானோ? தூக்கி வைத்தால் கம்ப்யூட்டரே படுத்துவிடும் என்று தெரிந்து சொல்கிறானோ? சீ, அண்ணாதுரை அப்படிப்பட்டவன் இல்லை. குஜராத் என்று வந்தால் யாரும் அப்படிப்பட்டவன்தான். மனம் ஊஞ்சலாடியது.

அழிக்கத்தான் முடியவில்லை, நகர்த்தலாம் அல்லவா? பதினாலு வருஷப் பழக்கம் கை கொடுத்தது. சி டிரைவிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு ‘ரெட் டேக் ஏரியா’ என்று பெயர் வைத்தார். ஸ்கிராப் யார்டு பக்கத்தில் இருப்பதுபோலக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு மஞ்சள் கட்டம். இந்தத் தடவை பெட்டி எதுவும் வந்து தடுக்கவில்லை. ஏழையும் ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ரெட் டேக் ஏரியாவைக் காணோம். ஏழு ஃபோல்டரும் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தன. கூடவே எட்டாவதாக, ‘ஃபவுண்ட்’ ஃபோல்டரின் நகல் ஒன்று.

அருள்ஜோசப் நாற்காலிக்குப் பின்னால்கூடப் பார்த்தார். அறைக்குள் யாரும் வரவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தார். மறுபடி ரெட் டேக் ஏரியா போட்டார். ஏழையும், இல்லை எட்டையும், உள்ளே தள்ளினார். இந்த முறை டீக்குப் போகவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிஷத்தில் அவர் கண் முன்னாலேயே அந்த ஃபோல்டர் சத்தமில்லாமல் மறைந்தது. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் வெளியே வந்தன. இப்போது ஒன்பது. மூன்றாவது ரெட் டேக் ஏரியா போட ஆரம்பித்தவர் பாதியிலேயே கையை எடுத்துவிட்டார்.

“ஏசுவே!” என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

பிடுங்கு பிளக்கை! மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரை இழுத்தார். திரை கறுத்தது. நூறு வரை எண்ணிவிட்டு மாட்டினார். கம்ப்யூட்டர் எழுந்தது. பிடுங்குவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. திறந்திருந்த ஜன்னல்கள் திறந்தபடி, மவுஸ் அம்பு விட்ட இடத்தில், அவர் பாதி அடித்து நிறுத்தியிருந்த ‘ரெட் டேக் ஏ’ என்ற பெயர்கூடப் பாதியிலேயே நின்றது. கரண்ட்டைப் பிடுங்கினாலும் சாகாத கம்ப்யூட்டரை அவர் எங்கே பார்த்திருக்கிறார்!

மணி பத்தரை. வெளியே கம்பெனியே ரெண்டுபட்டுக்கொண்டிருந்தது. ஆடிட் என்றால் இங்கே ஒரு வழக்கம். வேண்டாத சாமான், உடைந்த டிராலி, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றிச் சூளகிரி யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆடிட்டர் இங்கே முடித்துவிட்டு அங்கே கிளம்பினால், அதே டெம்போ அங்கிருக்கும் குப்பையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடும். ஆடிட்டர் மேற்கே வரும்போது குப்பை கிழக்கே, அவர் கிழக்கே போகும்போது குப்பை மேற்கே. பல வருஷமாக இந்தக் குப்பையை ஒரு ஆடிட்டர்கூடப் பார்த்தது கிடையாது.

டெம்போவில் ஏற்றிவிட முடியாத குப்பை அருள்ஜோசப்பின் ஒன்பது ஃபோல்டர் மட்டும்தான்.

வினோதா எட்டிப் பார்த்தாள். “ஜோசப் சார், நல்ல நேரம் உங்களுக்கு. சானமாவு காட்டுகிட்ட யானைங்க ரோட்டுக்கு வந்திருச்சாம், ஆடிட்டர் கார் நிக்குது. அரை மணி நேரம் லேட்டு.”

யானைகளுக்கு மனசார நன்றி சொல்லிவிட்டு மறுபடி போரில் இறங்கினார். அவர் உள்ளே தள்ள, அது வெளியே தள்ள, பதினொன்று இருபதுக்கு ஃபோல்டர் பதினாலு ஆகியிருந்தது. ஐபதினாலு எழுபது. இனி ஆடிட்டே வேண்டாம், நேரே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.

அவருக்கு அந்தோணியார் மேல் பெரிய பக்தி. சாவி தொலைந்தால், ரேஷன் கார்டு தொலைந்தால், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வேண்டுவார், நடக்கும். இப்போது கண் முன்னே இருப்பதைக் காணாமல் போகச் செய்யச் சொல்லி எப்படி வேண்டுவது? அது அந்தோணியார் டிபார்ட்மென்டா? ஆனாலும் வேறு கதியில்லை. “அந்தோணியாரே, இந்த ஒரு தடவை மட்டும் உல்டாவா செஞ்சு குடுங்க” என்று கண்ணை மூடினார்.

“இவர்தான் எங்க டாக்குமென்ட் இன்சார்ஜ்” என்று வினோதாவின் குரல் கேட்டது.

ஆடிட்டர் தலை நரைத்த, சிரிக்கத் தெரியாத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “சி டிரைவ் ஓப்பன் பண்ணுங்க” என்றார்.

அருள்ஜோசப் மவுஸைப் பிடித்தார். திறந்தார். பதினாலும் பளிச்சென்று நின்றன. ஆடிட்டர் பேனாவைத் திறந்தார், மூடி கீழே விழுந்தது, அவர் குனிந்து அதை எடுத்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசை மறைந்தது. நடு வரிசை மறைந்தது. முதல் வரிசையில் ஒன்று தயங்கி நின்றது. ஆடிட்டர் தலை நிமிர்வதற்குள் அதுவும் போய்விட்டது.

“ம்… நீட்டா இருக்கே” என்றார் ஆடிட்டர். அப்புறம்தான் மானிட்டர் தலையில் தொங்கிய சிவப்பு அட்டைகளைக் கவனித்தார். “இது என்ன?”

அவற்றை அவிழ்க்க அருள்ஜோசப் மறந்திருந்தார். 

“ஓனர் தெரியாத ஃபோல்டர் சார். டேக் போட்டு… விசாரிச்சு… வெளியேத்தியாச்சு சார்.”

ஆடிட்டர் ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினார். “கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கே ரெட் டேக்கா! நானும் ஊர் ஊராப் போறேன், இப்படி ஒருத்தரப் பாத்ததில்ல.” அந்த முகத்திலும் சிரிப்பு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டார்.

அவர் போனதும் அருள்ஜோசப் நாற்காலியில் விழுந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அந்தோணியாருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு மெழுகுவத்தி.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் டெம்போ திரும்பி வந்தது. உடைந்த டிராலியும் பெயின்ட் டப்பாவும் அதனதன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வினோதா வந்தாள்.

“சார், கலக்கிட்டீங்க. ஆனா அந்த ஃபோல்டரையெல்லாம் திருப்பி வெச்சிருங்க.”

“எதுக்கு மேடம்? போனது போகட்டுமே.”

“சிஸ்டம் ஃபோல்டர் சார். விண்டோஸுக்கு வேணுமோ என்னமோ. நாளைக்குக் கம்ப்யூட்டர் எந்திரிக்கலைன்னா ஐடி ஆளு உங்களத்தான் கேப்பான். எல்லாரும் சாமானை எடுத்த எடத்துல வெக்கறாங்க இல்ல? நீங்களும் வெச்சிருங்க.”

நியாயம்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். பதினாலும் உள்ளேதான் கிடந்தன. அந்தோணியார் முறைப்படி குப்பைத் தொட்டியில்தான் போட்டிருக்கிறார் என்று அவருக்கு ஆச்சரியம். மூன்று மணிக்குப் பதினாலையும் திருப்பி எடுத்து வைத்தார்.

ஒரே நிமிஷத்தில் எல்லாம் மறுபடி குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டன.

“அட!” என்று மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி போயின. ‘வேலை முடிஞ்சுது அந்தோணியாரே, போதும்’ என்று மனசுக்குள் பணிவாகச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை முன்னைவிட வேகமாகப் போயின, யாரோ பதறிக்கொண்டு அள்ளிப் போடுவது மாதிரி.

காலையிலிருந்து பயந்த மனுஷனுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. காலையில் போ போ என்றால் போக மாட்டேன் என்றாய், இப்போது இரு இரு என்றால் இருக்க மாட்டேன் என்கிறாயா? பார்க்கலாம், நீயா நானா. எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் போட்டு, கண்ணில் படும்படி டெஸ்க்டாப்பிலும் பரப்பினார். அங்கே மூன்று மறைந்தால் இங்கே ஆறு வைத்தார். கை வலித்தது. சட்டை நனைந்தது. மூன்றே முக்காலுக்குத் திரை முழுக்க மஞ்சள் பூத்தது, கீழே வால்பேப்பர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுகூட நகரவில்லை. எதிரி தோற்றுவிட்டான்.

அருள்ஜோசப் மீசையைத் தடவிக்கொண்டார்.

நாலரை மணிக்கு வினோதா கூப்பிட்டாள். “சார், ரிசல்ட் வந்திருச்சு. யூனிட் டூ டாக்குமென்ட், முப்பத்தெட்டு. ஸ்கிரீன் பூரா குப்பையாம், ஆடிட்டர் எந்திரிச்சே வந்துட்டாராம். நீங்க இங்கேயே இருக்கீங்க.”

உடனே லூர்தம்மாளுக்குப் போன் போட்டார். அங்கே தையல் மிஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“இங்கதாண்டி இருக்கப்போறேன்!” என்றார்.  அவள் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது.

“அப்ப அண்ணாதுரை அண்ணன்?” என்று கடைசியில் கேட்டாள்.

அருள்ஜோசப்பின் சந்தோஷம் அப்படியே இறங்கிப்போயிற்று. அண்ணாதுரை கெலமங்கலம் ரோட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சி நாற்பது நாள்தான் ஆகிறது. அந்த வீட்டில் மாடிப்படிக் கைப்பிடிகூட இன்னும் வைக்கவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணாதுரையே வந்துவிட்டான், ஆடிட் பேப்பரில் கையெழுத்துப் போட. கண் சிவந்திருந்தது. ஆனால் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அருள்ஜோசப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நல்லா பண்ணிட்ட ஜோசப்பு. மேடம் சொன்னாங்கோ. பாப்பா படிப்பு கெடாது, எனக்கும் சந்தோஷந்தான்.”

அருள்ஜோசப் அந்தக் கையை விடவில்லை. “அண்ணாதுரை, காலைல நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்ப்பா. ஃபெபாவுக்கு ஒரு பிராஜெக்டும் இல்ல. எனக்குத்தான் பிரச்சனை.”

“தெரியும்ப்பா. நானும் பொய்தான் சொன்னன்.” அண்ணாதுரை சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “காலைல பூரா உசுரக் குடுத்துச் சுத்தம் பண்ணன். பதினொண்ணரைக்குப் பாக்கறன், தொடச்சி வெச்சாப்பல கீது. அப்பாடான்னு சோறு தின்னன். கடைசி நேரத்துல கம்ப்யூட்டரு காலை வாரி உட்டுடுச்சு. என் கிரகம்.”

“கவலப்படாத. நான் மேடத்துகிட்ட பேசறேன். கம்ப்யூட்டர் கோளாறுக்கு உன்னை எப்படி அனுப்பலாம்?” என்றார் அருள்ஜோசப். ஜெயித்தவனின் தாராளத்தில் அவருக்கே நெஞ்சு நிறைந்தது. “என்னுதும் அப்படித்தான் ஆட்டம் போட்டுச்சு. நான் விடல, ஒரு கை பாத்துட்டேன்.”

மேஜைக்கு அடியில் திம்மப்பனின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வழியாக அத்திப்பள்ளியைத் தாண்டி அப்போதுதான் வந்து, படுத்தபடி ஏதோ ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“திம்மப்பா,” என்று அருள்ஜோசப் குனிந்து சொன்னார், “என்னுத விடு. முதல்ல சூளகிரிக்குப் போய் அண்ணாதுரை சார் கம்ப்யூட்டரை என்னன்னு பாருப்பா.”

ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டே திம்மப்பன் சொன்னான்:

“அதுக்கு எதுக்கு சார் சூளகிரிக்குப் போகணும்? போன சனிக்கிழமைல இருந்து ரெண்டு எடத்துலயும் வெறும் ஸ்கிரீன்தான் சார், உள்ள ஓடறது உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தானே!”